சமையலறைக்கு ஒரு வரவு செலவுத் திட்டம்

(செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரைப் பகுதியின் பஞ்சாயத்து உறுப்பினர்கள், உழவர்கள் ஆகியோரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வீடு என்பது பெரிய பொருள். அதில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதுவே நம் வீடுகளில் மிகுதியாக உழைக்கும் பகுதி. ஆனால் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பகுதி. சமையலறையைத்தான் சொல்கிறேன்.

ஒரு குடும்பம் வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கும்போது பணம் எந்த வழியில் செல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் தெருவாசல்; அடுத்துத் திண்ணை; பிறகு கூடத்துத் தரை; அதன்பின் சுவருக்கு வண்ணம். கடைசியில் கொல்லைப்புறம் வந்து சேரும்போது பணப்பை இளைத்துவிடுகிறது. "சமையற்கட்டை அடுத்த அறுவடைக்குப் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த அடுத்த அறுவடை பல வீடுகளில் பத்தாண்டுகளாகியும் வருவதில்லை. இதற்கிடையில் அந்த வீட்டுப் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் புகையிலும் ஈரத்திலும் குனிந்து நிற்கிறார்கள்.

நான் இன்று சொல்ல விரும்புவது ஒன்றே. சமையலறைக்கு மிஞ்சிய பணத்தை ஒதுக்கக் கூடாது. முதற் பணத்தை ஒதுக்க வேண்டும். அந்த முதற் பணத்தையும், கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் தொடங்காமல், கண்ணுக்குத் தெரியாத தேவைகளில் தொடங்கிச் செலவிட வேண்டும்.

புகையின் விலை

விறகு, சாணவறட்டி, நிலக்கரி முதலியவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் எழும் புகை கண்ணைக் கரிக்கச் செய்வதோடு நிற்பதில்லை. நுரையீரலையும் இதயத்தையும் அது தாக்குகிறது. வீட்டுக்குள் சூழும் இத்தகைய மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அடுப்பருகே தாயின் இடுப்பில் இருந்த குழந்தைகள் அவை என்பதை நாம் மறக்கலாகாது.

இதை நம் நாட்டு அறிஞர்கள் முன்னரே உணர்ந்திருந்தார்கள். ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய எஸ். பி. ராஜு, புகைபோக்கி பொருத்திய மண் அடுப்பு ஒன்றை வகுத்தார். கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை என்னும் பொருள்படும் தலைப்பில் 1953ஆம் ஆண்டில் ஒரு நூலையும் வெளியிட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் பிற்காலத்தில் மூன்று பாத்திரம் வைக்கத்தக்க ஓர் அடுப்பை உருவாக்கினார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து 2002 வரை மத்திய அரசு நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் கட்டித் தரப்பட்டன.

ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி நெடுநாள் நிலைக்கவில்லை. குழாயில் கரி படிந்து அடைத்துக்கொண்டது. அதைத் துடைப்பார் இல்லை. புகைபோக்கி உடைந்தது, மாற்றப் பணம் ஒதுக்கப்படவில்லை. அடுப்பின் வாய் அந்த வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை. சமைப்பவளைக் கேட்டு அளவெடுத்தார் இல்லை. கட்டுவதற்குச் செலவு எழுதிய கணக்கில், காப்பதற்கு ஒரு வரி எழுதப்படவில்லை. நாம் கற்க வேண்டிய பாடம் அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது.

தமிழகத்தில் 2007 முதல் எரிவாயு அடுப்புகள் இலவசமாக வழங்கப்பட்டன. 2016 மே முதல் நாளில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இன்று நம் ஊர்களில் கேஸ் அடுப்பு இல்லாத வீடு அரிது. ஆனால் சிலிண்டர் தீர்ந்து, மறு சிலிண்டருக்குப் பணம் கூடும் வரையில் சவுக்கு விறகும் தென்னை மட்டையும் மீண்டும் அடுப்புக்கு வருகின்றன. நெல் அவிக்கவும், வெந்நீர் போடவும், திருவிழாவுக்குப் பெருஞ்சமையல் செய்யவும் விறகடுப்புதான் வேண்டியிருக்கிறது. ஆகவே புதிய சமையலறையைத் திட்டமிடும்போது, "இனி விறகே இல்லை" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல், இரண்டு அடுப்புக்கும் இடம் வைத்துக் கணக்கிடுவதே அறிவுடைமை.

அளவெடுத்த பின்பே மதிப்பீடு

கொத்தனாரை அழைப்பதற்கு முன் ஒரு தாளும் அடிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் சமைக்கும் பெண்ணையே முதலில் கேளுங்கள். எத்தனை பேருக்குச் சமைக்கிறாள், பெரிய பாத்திரம் எவ்வளவு அகலம், அம்மியும் ஆட்டுக்கல்லும் இன்னும் பயன்படுகின்றனவா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழுவிய நீர் எங்கே போகிறது ஆகிய ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது.

சமையல் மேடையின் உயரத்தை அவள் முழங்கையைக் கொண்டு அளக்க வேண்டும். நின்று கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து நான்கு விரல் அளவு தாழ்த்தி மேடை அமைவது நலம்.  கடைத்தெருவில் பார்த்த மேடையின் அளவைக் கொண்டுவந்து வைத்தால், முதுகுவலியை விலைகொடுத்து வாங்கியதாகும்.

பத்து அடி நீளமும் எட்டு அடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரை 80 சதுர அடி. எட்டடிச் சுவரையொட்டி மேடை அமைத்து, மேடைக்கு மேல் இரண்டடி உயரம் மட்டும் ஓடு பதித்தால், அது 16 சதுர அடி. அதே ஓட்டை நான்கு சுவர்களிலும் எட்டடி உயரத்துக்குப் பதித்தால், கதவும் சன்னலும் போக, 250 சதுர அடிக்கு மேல் ஆகும். அதாவது பதினைந்து மடங்குக்கும் மேல். எண்ணெயும் நீரும் தெறிப்பது அந்தப் பதினாறு சதுர அடியில்தான். மற்றச் சுவர்களுக்கு நல்ல பூச்சும் வெள்ளையடிப்பும் போதும். மேடைக்கு மெருகேற்றிய விலையுயர்ந்த கல்தான் வேண்டும் என்பதில்லை; கடப்பைக்கல் பல்லாண்டு உழைக்கும்.

ஒரு லட்சம் ரூபாய்: ஓர் எடுத்துக்காட்டு

பொருள் விலையும் கூலியும் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே கீழ்க்காணும் தொகைகளை விலைப்பட்டியலாகக் கொள்ளாமல், முறையை விளக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள். பழைய ஓட்டு வீட்டின் பின்புறத்தில் மேற்சொன்ன 80 சதுர அடி அறையைச் சீர்செய்ய ஒரு குடும்பம் ஒரு லட்சம் ரூபாய் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கூரையும் சுவரும் செப்பனிட: 30,000 ரூபாய்.
புகைபோக்கி, சன்னல், காற்றுத்துளைகள்: 8,000 ரூபாய்.
மேடையும் கழுவுதொட்டியும்: 15,000 ரூபாய்.
தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், உறிஞ்சுகுழி: 15,000 ரூபாய்.
மின் இணைப்பு: 7,000 ரூபாய்.
தரை: 10,000 ரூபாய்.
பூச்சும் வெள்ளையடிப்பும்: 5,000 ரூபாய்.
எதிர்பாராச் செலவுக்கு இருப்பு: 10,000 ரூபாய்.

பழைய சுவரை உடைக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. செல்லரித்த விட்டமும், அடித்தளம் இல்லாத சுவரும் உடைத்த பின்பே தெரியவரும். ஆதலால் பத்தில் ஒரு பங்கு இருப்பு என்பது வீண் அச்சமன்று. அது இல்லாத திட்டம் திட்டமே ஆகாது. செலவாகாமல் மீந்தால், ஆண்டுதோறும் புகைபோக்கி துடைக்கவும் குழாய் மாற்றவும் அதுவே காப்புநிதி.

இந்தக் குடும்பத்தின் கையில் 80,000 ரூபாய்தான் இருக்கிறது என்று கொள்வோம். குறைவது 20,000. இங்கேதான் பல குடும்பங்கள் வழி தவறுகின்றன. நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு அந்த இருபதினாயிரத்தை வாங்கினால் மாதம் 400 ரூபாய், ஆண்டுக்கு 4,800 ரூபாய் வட்டி ஆகிறது. தரைக்கு ஒதுக்கிய தொகையில் ஏறக்குறைய பாதி ஓராண்டு வட்டிக்கே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். மறு ஆண்டு மழை பொய்த்தால் அந்தச் சமையலறை நிலத்தை விழுங்கத் தொடங்கும்.

இதற்கு மாற்று, வேலையை இரண்டு பருவமாகப் பிரிப்பது. கூரை, புகைபோக்கி, மேடை, நீர்வழி ஆகிய நான்கும் 68,000 ரூபாய். மின்கம்பி செல்லும் குழாய்களை மட்டும் இப்போதே சுவருக்குள் பதிக்க 2,000. இருப்பு 10,000. ஆக 80,000 ரூபாய்க்குள் முதற்கட்டம் முடிகிறது. எஞ்சிய மின்வேலை, தரை, பூச்சு ஆகியவை அடுத்த அறுவடையில் நடக்கலாம். அதுவரை தரை கெட்டித்த மண்ணாக இருந்தால் குடும்பத்துக்குக் குறைவில்லை. புகை போகாமல் இருந்தால்தான் குறை. வரிசையை மாற்றி, தரையையும் வண்ணத்தையும் முதலில் முடித்துவிட்டுப் பிறகு குழாய் பதிக்கப் புறப்பட்டால், போட்ட தரையை உடைக்க ஒரு கூலி, மீண்டும் போட ஒரு கூலி என்று இருமுறை செலவாகும்.

நமது மாவட்டத்தின் வேளாண் பருவங்களும் இதற்கு இசைந்தவையே. சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் கைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போது ஓய்ந்திருக்கும். கூரையைப் பிரிக்க அதுவே தக்க காலம். நவரை நடவும் சொர்ணவாரியும் செய்யும் குடும்பங்கள் இரண்டாம் கட்டத்தை அந்த அறுவடைகளோடு பொருத்திக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது எவருக்கும் வேண்டாம்.

கடற்கரைக்கென்று சில விதிகள்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் உள்ள ஊர்களுக்குத் தனியாகச் சில சொற்கள் சொல்ல வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதை உங்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. கடல் மணலைக் கலவையில் சேர்த்தால் அதிலுள்ள உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்துச் சில ஆண்டுகளில் மேற்கூரையை உரித்துவிடும். வண்டிக்கூலி மிச்சமென்று எண்ணிச் செய்வது பெருநட்டமாக முடியும். உவர் நீரால் கலவை குழைப்பதும் அவ்வாறே. கதவுக் கீல், தாழ்ப்பாள் முதலியவற்றுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தேனும் துருப்பிடிக்காதவற்றை வாங்குவது சிக்கனமே ஆகும்.

2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. பின்புறச் சாய்ப்பில் தகரத்தைப் போட்டு அதன்மேல் கல்லை வைத்திருந்தால் அத்தகைய காற்றுக்கு அது நில்லாது. கூரைத் தகடுகளை மரத்தோடும் சுவரோடும் கொக்கி போட்டு இறுக்கும் செலவைக் கூரைக் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

கடற்காற்று பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும். அடுப்புக்கு நேர் எதிரில் சன்னல் வைத்தால் சுடர் அலையும், எரிபொருள் வீணாகும். சன்னலைப் பக்கச் சுவரில் வைத்து, புகை வெளியேறும் துளையைக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்தில் உயரத்தில் அமையுங்கள். புகைபோக்கி கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடியேனும் எழும்ப வேண்டும். ஓலைக் கூரையாயின் குழாய் ஓலையைத் தொடவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாமல் தரையில் தங்கும். ஆதலால் சிலிண்டர் நிற்கும் இடத்தில் தரையையொட்டி ஒரு காற்றுத்துளை இருத்தல் வேண்டும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைத்து, அதைவிட உயரத்தில் அடுப்பை அமைக்க வேண்டும்.

மாமல்லபுரத்திலும் சாலுவன்குப்பத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்குட்பட்ட பகுதி. இப்பகுதிகளில் பழுது பார்க்கவும் முன் அனுமதி பெற வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் கரையையொட்டிய வீடுகளை விரிவாக்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. செங்கல் இறக்கிய பின் அனுமதி தேடினால் செங்கல்லும் முடங்கும், பணமும் முடங்கும். அனுமதிக்கு ஆகும் காலத்தையும் திட்டத்தில் ஒரு வரியாக எழுதுவதே முறை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

சமையலறை ஒரு வீட்டின் உள்விவகாரம், பஞ்சாயத்துக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அரசு தரும் வீடுகளின் வரலாற்றைப் பார்த்தாலே விடை கிடைக்கும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய சூரிய மின்சக்திப் பசுமை வீடுகள் 300 சதுர அடி பரப்புடையவை. அவற்றில் சமையலறையும் ஒரு பகுதியாக வகுக்கப்பட்டது. 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், 25 சதுர மீட்டர் வீட்டில் தூய்மையாகச் சமைப்பதற்கென்று தனியிடம் வேண்டும் என்று விதித்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களின் கீழ்க் கட்டப்பட்ட ஊரக வீடுகளுள் இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுது பார்க்கும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. திட்டம் எதுவாயினும், தகுதியுள்ள குடும்பத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதும், விடுபட்ட பெயரைக் கிராம சபையில் எழுப்புவதும், பழுது பார்க்கும் மதிப்பீட்டில் சமையலறையின் புகைவழியும் நீர்வழியும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்பதும் உறுப்பினர் கடமையே.

இரண்டாவதாக, கழிவுநீர். ஒவ்வொரு வீடும் நல்ல சமையலறை கட்டி, கழுவிய நீரைத் தெருவில் விட்டால், வீட்டுப் புகை ஊர்க் கொசுவாக மாறியதே பயன். மேட்டுப்பாங்கான ஊர்களில் உறிஞ்சுகுழி போதும். அது குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடியேனும் விலகியிருக்கட்டும். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் கடலோர ஊர்களில் குழியில் நீர் இறங்காது. அங்கே வாழையும் கல்வாழையும் வைத்து நீரைப் பயிருக்குத் திருப்புவதே வழி. எந்தத் தெருவுக்கு எது பொருந்தும் என்பதைப் பஞ்சாயத்துதான் ஆராய்ந்து சொல்ல முடியும்.

மூன்றாவதாக, கூட்டுக் கொள்முதல். ஒரு வீட்டுக்கு அரை வண்டி மணலும் கால் வண்டி ஜல்லியும் தனித்தனியே வாங்கினால் வண்டிக்கூலியே மிகும். ஒரே பருவத்தில் வேலை தொடங்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மணல், ஜல்லி, சிமெண்டு, கடப்பைக்கல் ஆகியவற்றை வாங்கினால் விலையும் குறையும், எடையும் சரியாக இருக்கும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. தமிழகத்தில் அக்குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் வேர்விட்டு இன்று ஊர்தோறும் பரவியிருக்கின்றன. கடன் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தாலும், தனியாரிடம் செல்லுமுன் குழுவையும் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் நாடுவது நல்லது.

நான்காவதாக, உள்ளூர் விலைகளை எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் வைக்கலாம். சதுர அடிக்குத் தரைக்கூலி எவ்வளவு, கொத்தனார் நாட்கூலி எவ்வளவு, ஒரு மூட்டை சிமெண்டு எவ்வளவு என்று மாதம் ஒருமுறை எழுதினால், எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டே எந்தக் குடும்பமும் தன் மதிப்பீட்டைத் தானே போட்டுக்கொள்ளும்.

நண்பர்களே! உழவன் விதைக்கும் முன் விதைநெல்லை ஒதுக்குகிறான். எவ்வளவு வறுமையிலும் அதைத் தொடுவதில்லை. குடும்பத்தின் உடல்நலத்துக்குச் சமையலறையும் விதைநெல் போன்றதே. அங்கே காற்று நன்றாக இருந்தால் குழந்தையின் மார்புச்சளி குறையும். நீர் நன்றாக வடிந்தால் கொசு குறையும். மேடை சரியாக அமைந்தால் தாயின் முதுகு நிமிரும். இவையெல்லாம் மருத்துவச் செலவாகப் பின்னால் வரவேண்டிய பணத்தை முன்னாலேயே மிச்சப்படுத்துவன.

வருகிற தை மாதம் வீட்டைப் புதுப்பிக்க எண்ணியிருக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரில் எத்தனை என்று இந்த வாரமே கேட்டறியுங்கள். அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, முதல் வரியில் புகைபோக்கி என்று எழுதச் சொல்லுங்கள். மற்ற வரிகள் தாமாகவே ஒழுங்குக்கு வரும்.